நான்காவது கல்

தண்ணீர் பிடிக்கத் தையல்காரி ஓடையின் முதல் துறைக்குத் திரும்பி வந்தபோது, அரை மணி நேரம் முன்பு பாறைமேல் வைத்துவிட்டுப் போன கல்லைக் காணோம். சிவப்பு நூல் சுற்றிய கல். பாறையில் ஈரமாக ஐந்து விரல்களின் தடம் இருந்தது.

தையல்காரியும் அவள் கணவனும் வருடாவருடம் நடக்கிற பாதை இது: ஓடையோரக் காட்டில் ஏறி, மலையுச்சியைத் தொட்டு, மறுபக்கமாகச் சுற்றி இறங்க நான்கு நாள். வழியில் ஓடையைத் தாண்டும் துறைகள் நான்கு. இறங்கும் பாதையும் திரும்ப அந்த நான்காவது துறையில்தான் வந்து சேரும். அவளுக்கு வேகக் கால், அவனுக்கு ஆமை நடை. அதனால் முன்னால் போகிறவள் துறைக்குத் துறை ஒரு கல் வைப்பாள். அவன் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். கல் இல்லையென்றால் அவள் இன்னும் தாண்டவில்லை; அவன் நிற்க வேண்டும்.

போன வருடம் கூடாரத்தை யார் சுமப்பது என்று ஒன்றுமில்லாத சண்டை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நான்காவது துறையில் கல் வைக்காமல் போய்விட்டாள். அவன் ஓடை நடுவிலேயே நின்றான். வெள்ளம் ஏறும்போது கரையிலிருந்து யாரோ கூப்பிட்டதற்கு, "அவ இன்னும் வரலைங்க" என்றானாம். உடல் கிடைக்கவில்லை.

அந்த ஒரு கல்லை வைத்து மன்னிப்புக் கேட்கத்தான் இப்போது தனியாக வந்திருக்கிறாள். அதனால் விரல் தடத்தைப் பார்த்ததும் பயப்படவில்லை, அழுதாள்.

மறுநாள் இரண்டாவது, மூன்றாவது கற்களை வைத்தாள். பின்னால் ஈர பூட்ஸ் சளக் சளக்கென்று நிதானமாக வந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது. பாசி வாடையை மீறி, மாதக்கணக்கில் ஊறி இற்றுப்போன துணியின் நாற்றம். துணியோடு பிழைக்கிறவளுக்கு அது தெரியாதா? நான்காவது துறையில் கல்லைக் கையில் எடுத்தபோது பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

ஓடினாள்.

உச்சியில் பனிமூட்டம். பின்னால் சத்தமே இல்லை. உள்ளங்கையை விரித்தாள். கல் அங்கேயே இருந்தது. இந்த முறையும் அவனை நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டாள். பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு விடியும்வரை அழுதாள்.

இறங்க வேறு வழி இல்லை. நான்காம் நாள் மதியம் துறைக்கு வந்தாள்.

அவன் நடு ஓடையில் நின்றிருந்தான். அவளுக்கு முதுகு காட்டி. அவள் ஏறி வரவேண்டிய பாதையையே பார்த்தபடி.

இறங்கிப் போய்க் கல்லை நீட்டினாள். "நான்தாங்க. தாண்டிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவன் திரும்பவில்லை. கை மட்டும் பின்னால் நீண்டு வந்தது. கல்லை எடுக்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அவ இன்னும் வரலைங்க," என்றான், யாரோ வழிப்போக்கரிடம் சொல்வதுபோல. "நீங்களும் நில்லுங்க."

தண்ணீர் அவள் முழங்காலில் இருந்தது. பிறகு இடுப்பில்.