கண்ணாடியைக் கழட்டுங்க, மேடம்

பன்னிரண்டாவது கொடியை நட்டுவிட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது, முதல் பதினொன்றையும் காணவில்லை.

காலை வெயிலில் ஒன்றரை மணி நேர வேலை. புல்லைப் பார்த்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, இந்தப் பக்கம் ஈரநிலம், அந்தப் பக்கம் வீடு கட்டலாம் என்று எல்லை பிரித்து, இளஞ்சிவப்புத் துணி கட்டிய கம்பிகளை நட்டுக்கொண்டே வந்திருந்தாள். இப்போது... வெறும் கோரைப்புல்தான் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கோரைக்கு நடுவிலிருந்து ஒருவன் வந்தான். முழங்கால் வரை சேறு. கையில் பூங்கொத்து மாதிரி பதினோரு கொடிகள்.

"போன பேட்ச் விட்டுட்டுப் போன குப்பைன்னு நெனச்சேன், மேடம்."

"ஒரு கொடிக்குக் கூடவா சந்தேகம் வரல?"

"ஒன்பதாவதுல லேசா வந்துச்சு," என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "அதுக்குள்ள ஒன்பது புடுங்கியாச்சே... பாதியில விட மனசு வரல."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபப்பட வேண்டிய நேரம். ஆனால் அவ்வளவு சேற்றுக்கு நடுவில் அவ்வளவு தெளிவான கண்கள்... சே, என்ன நினைப்பு இது?

மூன்று நாள் பயிற்சி. ஈரநிலம், மழைநீர், நிலப் பயன்பாட்டு விதிகள். முடிவில் தேர்வு, தேறாதவர்களுக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது. பயிற்சி கொடுத்த அம்மாளுக்கு முதல் மணி நேரத்திலேயே 'ஆறாம் விதி' என்று பெயர் விழுந்துவிட்டது. எதைக் கேட்டாலும் அவர் பதில் அங்கேதான் போய் முடிந்தது. பிடுங்கியவனும் நட்டவளும் சேர்ந்தே மறுபடி நடட்டும், மூன்று நாளும் இரண்டு பேரும் ஒரே ஜோடி என்று அந்த அம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் நகராட்சியில் மழைநீர் வடிகால் பொறியாளர். அவள் தன் அண்ணனின் நிறுவனத்தில் ஈரநில அளவையாளர். மதியத்துக்குள் அவன் அவளை 'எல்லை மேடம்' ஆக்கியிருந்தான். அவள் அவனை 'வடிகால் சார்' ஆக்கியிருந்தாள். மறுபடி நட்ட பதினோரு கொடிக்கும் அவன் ஒவ்வொன்றாக மன்னிப்புக் கேட்டான்.

சாப்பாட்டு மேசையில் அவன் குரல் மாறியது.

ஊருக்கு வெளியே, ஏரியை ஒட்டி, முப்பத்துநாலு வீடுகள் கொண்ட புதுக் குடியிருப்பு. அதில் ஒன்று அவன் அக்காவுடையது. இரண்டு மழைக்காலமாக வீட்டுக்குள் தண்ணீர். தெருவில் நிற்காது, வாசல் வழியாக ஏறாது. தரைக்கல் இடுக்கிலிருந்து ஊறி வரும். வடிகாலை அவனே மூன்று முறை அளந்துவிட்டான், அளவில் குறையில்லை. இந்த லட்சணத்தில் அதே எல்லைக் கோட்டை வைத்து இன்னும் நாற்பது மனைகளுக்கு ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள். விசாரணை அடுத்த வாரக் கடைசியில்.

"எவனோ ஏசி ரூம்ல ஒக்காந்து கோடு போட்டிருக்கான்," என்றான்.

அவள் கையிலிருந்த டம்ளர் மெதுவாக மேசைக்கு இறங்கியது.

அந்த எவன்... அவள்தான்.

ஏசி அறையில் அல்ல. மூன்று கோடைக்கு முன், உச்சி வெயிலில், நான்கு நாள், நாற்பத்தாறு குழி தோண்டிப் போட்ட கோடு. ஒவ்வொரு குழியும் அவளுக்கு நினைவிருக்கிறது. தப்பு இருக்க வழியே இல்லை. நான்தான் போட்டேன் என்று நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

"கோடு சரியாத்தான் இருக்கும். உங்க குழாய்தான் சின்னதா இருக்கும்," என்றாள் வெடுக்கென்று.

அவன் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்தான். அன்று மாலை வரை 'மேடம்' மட்டும்தான் வந்தது. 'எல்லை' வரவில்லை.

மறுநாள் மண் நிறம் பார்க்கும் பாடம். வருடக் கணக்கில் தண்ணீரில் ஊறிய மண் சாம்பல் பூத்துப்போகும். அதைக் கண்டுபிடிக்க ஒரு புத்தகம்; பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்ன வண்ணக் கட்டங்கள். மண்கட்டியை நனைத்து, கட்டத்தின் அருகில் பிடித்து ஒப்பிட வேண்டும். அந்த வயலில் இரண்டாம் கட்டம் என்றால் ஈரநிலம், மூன்றாம் கட்டம் என்றால் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம், டீயில் ஒரு கரண்டி பால் கூடினால் தெரியுமே, அவ்வளவுதான்.

"மூணு," என்றாள் அவள்.

"ரெண்டு," என்றான் அவன்.

மறுபடி பார்த்தாள். "மூணு. எத்தன தடவ கேட்டாலும் மூணு."

அவன் மண்ணைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தான். வகுப்பறைக்குள் பார்த்தபோது கண்ணாடி வெள்ளையாகத்தானே இருந்தது என்று கேட்டான். ஆமாம், வெயிலில் தானாகக் கறுக்கிற கண்ணாடி, நான்கு வருடமாகப் போடுகிறேன் என்றாள்.

"கண்ணாடியைக் கழட்டுங்க, மேடம்."

கழற்றினாள். உலகம் கலைந்தது.

அவளுக்குத் தூரப் பார்வைதான் குறைவு. கோரை, வானம், மற்ற ஜோடிகள் எல்லாம் கரைந்துபோக, ஒரு சாண் தூரத்தில் இருந்தவை மட்டும் துல்லியமாக நின்றன. மண்கட்டி... அதைப் பிடித்திருந்த விரல்கள்... கொஞ்சம் நிமிர்ந்தால், மூச்சு படும் தூரத்தில் அவன் கண்கள். நேற்றைய கோபம் அதில் இல்லை. கறுப்புக்கு அடியில் மெல்லிய பழுப்பு இருப்பது இப்போதுதான் தெரிந்தது. 

பிறகு குனிந்து மண்ணைப் பார்த்தாள். 

இரண்டு.

அந்தப் பக்கமாக வந்த ஆறாம் விதி அம்மாள் எட்டிப் பார்த்தார். நிறக் கண்ணாடி பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒன்றாக்கிவிடும், புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே எச்சரித்திருக்கிறது, யாரும் படிப்பதில்லை என்று அலுத்துக்கொண்டார். தானாகக் கறுக்கிற கண்ணாடிதான் ரொம்ப மோசம், போட்டிருப்பவருக்கே தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

உச்சி வெயில். நாற்பத்தாறு குழி. இதே கண்ணாடி. தெற்குப் பக்கத்தில் பத்தொன்பது குழிகளுக்கு நேராக அவள் கை எழுதிய எண்... மூன்று.

கருவிகள் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவன் முழுவதையும் கேட்டான். யாரும் கேட்கவில்லையே என்றான். ஒன்பது பேர் வேலை செய்கிற இடம், உன் உரிமம் போனால் நாளைக்கு எவன் நம்மைக் கூப்பிடுவான் என்றான். அவன் கெட்டவன் இல்லை. அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்தவன். அதனால்தான் அவன் கடைசியாகச் சொன்னது கனத்தது.

"நீயா போய் ஏம்மா தலையக் குடுக்கற?"

திரும்பி வந்தபோது இரண்டு கப் டீயோடு கொடி பிடுங்கியவன் காத்திருந்தான். ஒரு கட்டத்தில் தோற்றுப்போனதற்கு இவ்வளவு கோபமா என்று சீண்டினான். அவள் சிரிக்கவில்லை. டீயை வாங்கவும் இல்லை. அவன் இரண்டு கப்பையும் பிடித்தபடி நின்றது முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. திமிர் என்று நினைத்திருப்பான்... நினைக்கட்டும். உண்மை தெரிவதற்குத் திமிர் என்று நினைப்பதே மேல்.

மூன்றாம் நாள் மழை. தேர்வு மண்டபத்துக் கூரையில் ஓயாத சத்தம். இருபத்திரண்டாவது கேள்வியில் அவள் பேனா நின்றது. தாம் குறித்த எல்லையில் பிழை இருப்பதை அளவையாளர் அறிந்தால் செய்ய வேண்டியது என்ன?

அறிந்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் ஒப்புதல் குழுவுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆறாம் விதி. இரண்டு வரியில் எழுதி முடித்தாள். எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

வெளியே வந்ததும் அவனிடம் நேராகப் போய், உங்கள் அக்கா வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போவீர்களா என்று கேட்டாள். மண் பார்க்க வேண்டும் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

அந்த வீட்டில் முழங்காலுக்குக் கீழே சாமான் எதுவும் இல்லை. அலமாரியின் அடித்தட்டுகள் காலி. ஃபிரிட்ஜ் செங்கல்மேல் ஏறி நின்றது. கட்டில் கால்களுக்குப் பிளாஸ்டிக் உறை. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்புக் கறை. அக்கா கதவைத் திறந்தபோதே கையில் துடைக்கும் துணி இருந்தது. உள்ளே வாங்க, வழுக்கும், பாத்து என்றாள். தம்பி ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருக்கிறான் என்ற குறுகுறுப்பை அவள் கண் மறைக்கவே இல்லை.

பின்கட்டில் மண் எடுக்கும் துளைக் கம்பியைத் திருகி இறக்கினாள். ஒரு சாண் ஆழத்திலேயே வந்துவிட்டது... சாம்பல் மண், நடுநடுவே துருப்பிடித்தாற்போல் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி கறுக்காத மழை வெளிச்சத்தில், புத்தகத்தைத் திறக்காமலே தெரிந்தது. இந்த வீடு ஏரியின் வயிற்றில் உட்கார்ந்திருக்கிறது.

"நீங்க சொன்ன அந்த எவன்..." அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணைப் பார்த்தே பேசினாள். "நான்தான். இந்தக் கோட்டப் போட்டது நான்தான்."



கண்ணாடியை, பத்தொன்பது குழியை, எல்லாவற்றையும் சொன்னாள். முதல் நாளே சொல்லாமல் அவன் குழாயைப் பழித்ததையும் சொன்னாள்.  அவன் முகம் சுவர் மாதிரி மூடிக்கொண்டது. திரும்பி, நனைந்துகொண்டே, தெருவில் இறங்கிப் போய்விட்டான்.

அக்காதான் நின்றாள். கையிலிருந்த துணியை மெதுவாகப் பிழிந்தாள்.

"இத எழுதிக் குடுப்பியா?"

"குடுப்பேன்க்கா."

"குடு. குடுத்துட்டு வந்து மூஞ்சியக் காட்டு. இப்பக் கிளம்பு."

அன்றே எழுதினாள். அண்ணனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தாளை அவள் பக்கமே தள்ளினான், எழுந்து போனான். எட்டு நாள். அவனிடமிருந்து, வடிகால் சாரிடமிருந்து, ஒரு போன் இல்லை. மழை பெய்த ஒவ்வொரு முறையும் அந்தத் தரைக்கல் இடுக்கு அவள் கண்ணுக்குள் ஊறியது.

விசாரணை அறையில் குடியிருப்புக்காரர்கள் ஒரு பக்கம், மனை விற்பவர்கள் ஒரு பக்கம். நடுவில் நின்று கடிதத்தை வாசித்தாள். குரல் இரண்டு இடத்தில் இடறியது. குழுத் தலைவர் கண்ணை உயர்த்தினார். யாராவது வற்புறுத்தியதால் இதைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்ல. யாரும் வற்புறுத்தல."

வாக்குமூலத்தில் திருத்தம் ஏதும் இருந்தால் ஏழு நாளைக்குள் எழுத்தில் தரலாம் என்று சொல்லி அவர் அதைப் பதிந்துகொண்டார். அப்போது பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். திரும்பினாள். அவன் எழுந்து நின்றிருந்தான், கையில் ஒரு தாள்.

அந்தக் குடியிருப்பின் வடிகால் திட்டத்தில் கையெழுத்திட்டது தான்தான் என்றான். எல்லைக் கோட்டை அப்படியே நம்பினேன், விதிப்படி ஒரு சோதனைக் குழி போட்டுப் பார்த்திருக்க வேண்டும், போடவில்லை. தண்ணீர் வந்த பிறகும் குழாயைத்தான் மூன்று முறை அளந்தேன், மண்ணை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. வாசித்துவிட்டு உட்கார்ந்தான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

நாற்பது மனைகளுக்கும் ஒப்புதல் நிறுத்தப்பட்டது. முப்பத்துநாலு வீடுகளுக்கும் அடித்தண்ணீரை இழுத்து வெளியேற்ற மனை விற்றவர்களே நிலத்தடி வடிகால் போட்டுத் தர வேண்டும். அவள் உரிமம் ஒரு வருடம் நிறுத்திவைப்பு. அவனுக்கு விளக்கம் கேட்டு மெமோ. அவள் திரும்பி வந்தபோது, பெஞ்சில் இருந்த அக்கா கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் இடம் விட்டாள்.

வெளியே வராந்தாவில் சாரல். விசாரணைக்கு வந்திருந்த அண்ணன் அவளருகே ஒரு கணம் நின்றான். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றான். குரலில் கோபம் பாதிதான் இருந்தது. படியிறங்கிப் போனான்.

பிறகு அவன், வடிகால் சார், வந்தான். அவளுக்கு ஓர் அடி தள்ளித் தூணில் சாய்ந்தான். இரண்டு பேரும் மழையைப் பார்த்தார்கள்.

கோபம் போய்விட்டதா என்று அவள்தான் கேட்டாள்.

"நாலு நாள் இருந்துச்சு," என்றான். "அஞ்சாவது நாள் பழைய ஃபைல எடுத்தேன். உங்க கையெழுத்துக்குக் கீழயே என் கையெழுத்து, யார் கோடுன்னுகூடப் பாக்காம போட்டது. அதுக்கப்பறம் யார் மேல கோவப்படறதுன்னு தெரியல."

அவள் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள். ஈரம் விரலில் ஏறியது. இப்போது சொல்லாவிட்டால், பிறகு எப்போதும் இல்லை.

"உள்ள, தலைவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் சொன்னது முழு உண்மை இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"யாரும் வற்புறுத்தலன்னு சொன்னேன். வற்புறுத்தினீங்க... நீங்க. எட்டு நாளா, ஒரு வார்த்தை பேசாம. இந்தப் பொய்க் கோட்ட வெச்சுக்கிட்டு உங்களப் பாக்க முடியாதுன்னு தோணிச்சு. உங்களப் பாக்காம..." சுவரிலிருந்து கையை எடுத்தாள். "பாக்காமயும் இருக்க முடியாதுன்னு தோணிச்சு."

அவன் தூணை விட்டு விலகினான். 

"திருத்தம்னா எழுத்துல குடுக்கணும்னு தலைவர் சொன்னாரே."

"வாயால சொன்னா ஏத்துக்க மாட்டீங்களா?"

"ஏத்துக்கறேன்." அந்த ஓர் அடியையும் தாண்டி வந்தான். "ஆனா எனக்கும் இதே வாக்குமூலம்தான். அதையும் சேத்துப் பதிஞ்சுக்கணும்."

அவள் அவனைப் பார்த்தாள். தலைகுனியாமல், முழுசாக.

"பதிஞ்சாச்சு," என்றாள்.