ஐந்து மடிப்பு வீடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். திருச்சுழிக் குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் அந்தத் தண்ணீர்மேல் ஆணை, ஓடாவிட்டால் மணல்மேல் ஆணை. அங்கே இங்கே கேட்டுப் பொறுக்கியது எதுவும் இதில் இல்லை. எல்லாம் நடந்து முடிந்த மறுநாள் காலை, எம்.ரெட்டியபட்டி பஸ் நிறுத்தத்து டீக்கடையில், காசிராஜனே எதிரில் உட்கார்ந்து, இரண்டு பருப்பு வடையைத் தின்றுகொண்டே தன் வாயால் சொன்னது. வடை ஆறிப்போயிருந்தது என்பது உட்பட அத்தனையும் உண்மை.

சுவரில் ஒரு முடி இருந்தது. அங்கேதான் தொடங்கியது.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம், பங்குனி முடிகிற நேரம், வெயில் சற்றே சாய்ந்த வேளை. கூடத்துச் சுவரில், காலண்டருக்குக் கீழே, சுண்ணாம்புப் பூச்சுக்குள் புதைந்து கறுப்பாக ஏதோ நெளிந்து கிடந்தது. சணல் பிரி என்றுதான் காசிராஜன் நினைத்தான். நகத்தால் கிண்டி ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். பூச்சு உதிர்ந்தது. வெளியே வந்தது ஒரு சாணுக்கு மேல் நீளம், சணல் பிரியின் தடிமன். ஆனால் முறுக்கு இல்லை. வழவழவென்று, நுனிக்குப் போகப் போக மெலிந்து, கடைசியில் ஊசி முனையாக முடிந்தது.

அப்படி முடிகிற ஒன்றை அவனுக்குத் தெரியும். அணில் முடி. அவன் தூரிகையில் இருப்பது அதுதான். ஆனால் அணில் முடி சாண் நீளம் வளராது.

காசிராஜனுக்கு அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை. வெள்ளிக்கிழமை கடை விடுமுறை என்றால் வீட்டில் உட்கார்ந்து குட்டி வீடு, குட்டிக் கோயில், குட்டி லாரி என்று செய்துகொண்டிருப்பான். டேப்பை நம்ப மாட்டான். சுவர் நீளத்துக்கு நூல் பிடித்து, அந்த நூலை ஐந்து தடவை பாதி பாதியாக மடிப்பான். அந்த ஐந்து மடிப்பு நீளம்தான் குட்டிச் சுவர். ஐந்து மடிப்பில் முப்பதடி வீடு ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவாக வரும், கம்பி முறுக்கிச் செய்த ஆள் இரண்டு அங்குலம் வருவான். அட்டையை வெட்டி, உப்புத்தாளால் ஓரம் தேய்த்து, சாக்பீஸ் தூளைப் பசையில் குழைத்துப் பூசினால் சுண்ணாம்புச் சுவர். ஜன்னல் கம்பிக்கு விளக்குமாற்று ஈர்க்கு. கறுப்பும் காவியும் கலந்த அழுக்குத் தண்ணீரை ஓடவிட்டுத் துடைத்தால், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் மட்டும் அழுக்கு தங்கிக் கூரைக்கு இருபது வயது கூடிவிடும். குடத்துக்குள் ஒரு சொட்டு வார்னிஷ் விட்டால் தண்ணீர்.

இப்போது செய்திருந்தது சொந்த வீட்டை. ஏழு வாடகை வீடு மாறி அலுத்த பிறகு அவன் மனைவி கஸ்தூரி அம்மனுக்கு நேர்ந்திருந்தாள்: சொந்த வீடு கொடு, அதை விட்டு நாங்கள் மூன்று பேரும் இனி வெளியேறாதபடி வை, வீட்டையும் எங்களையும் பொம்மையாகச் செய்து உன் காலடியில் வைக்கிறேன். வீடு வந்துவிட்டது. ஊரைத் தள்ளி, சுற்றிலும் பருத்திக் காடு. மற்றவர்கள் இந்த நேர்த்திக்குக் குயவரிடம் மண் வீடு ஒன்றை வாங்கி வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குக் கதவும் இருக்காது, வீடு மாதிரியும் இருக்காது. காசிராஜனுக்கு அது போதவில்லை. அவன் நூல் பிடித்தான்.

காலையில் கஸ்தூரியும் மகள் கிருஷ்ணப்ரியாவும் பரளச்சிக்குக் காதுகுத்துக்குக் கிளம்பும்போது, டப்பா மூடியில் காய்ந்துகொண்டிருந்த பொம்மைகளை எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க, எனக்கு வாயக் காணோம்?"

"ரெண்டு அங்குல ஆளுக்கு வாய் எழுதக் கூடாது. எழுதுனா வெத்தல போட்ட கொரங்கு மாதிரித் தெரியும். கண்ணு போதும்."

"நெனப்பு நல்லாத்தான் இருக்கு. வாயில்லாத பொண்டாட்டி."

"எனக்கும்தான் எழுதல."

"ஒங்களுக்கு இருந்தா மட்டும்? நான் பேசும்போது தெறக்கவா போறீக."

"எனக்கு மட்டும் வைங்கப்பா," என்றாள் மகள். "ஸ்கூல்ல பாட்டுப் பாடணும்ல."

"ஒனக்கு மூஞ்சியே கடுகளவுதான் தங்கம். எங்க வைக்க?"

"சாயங்கால பஸ்ஸுக்கு வந்துருவோம்," என்றாள் கஸ்தூரி. "தாப்பாளப் போட்டுட்டுத் தூங்கிறாதீக. போன தடவ கை வலிக்கத் தட்டுனேன்."

அவர்கள் போன பிறகு மிச்ச வேலையை முடித்தான். பின்கதவை வெட்டவில்லை. வெளிப்பக்கம் மட்டும் கதவு மாதிரி வரைந்துவிட்டான், உள்பக்கம் வெறும் சுவர். உள்ளே இருந்து யார் பார்க்கப்போகிறார்கள்? முன்கதவை மட்டும் வெட்டி எனாமல் அடித்துப் பொருத்தினான். பசை பிடிக்கட்டும் என்று உள்பக்கமிருந்து கட்டைவிரலால் அழுத்தினான். எனாமல் காயவில்லை, ரேகை பதிந்துவிட்டது. போகட்டும். தன் பொம்மையின் பாதத்தில் வச்சிரப் பசை ஒரு சொட்டு வைத்து, சாமணத்தின் இரண்டு இரும்புக் காலில் இடுக்கி, கூடத்தில் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினான். ஒன்று சரியாக உட்கார்ந்தால் அவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது ஒன்று உண்டு. "இப்பச் சரியா இருக்கு." சொன்னான். மற்ற இரண்டு பொம்மையும் காயட்டும் என்று டப்பா மூடியிலேயே விட்டு, பெட்டி மூடி மாதிரிக் கூரையை எடுத்து மேலே வைத்தான்.

அதே நேரம் கரண்ட் போனது. ஃபேன் கடகடவென்று சுழன்று நின்றது. நிமிர்ந்தபோதுதான் சுவரில் அந்த முடியைப் பார்த்தான்.

முடியைக் கீழே போட்டுவிட்டு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். வெயிலில் மண்டை காய்ந்தால் இப்படியெல்லாம் தோன்றும், தண்ணீர் குடித்தால் தெளியும் என்று அடுப்படிக்கு நடந்தான். நடக்கும்போது வலது குதிகால் தரையில் லேசாக ஒட்டி, பிசுக்கென்று விட்டது. காலையில் சிந்திய பதநீர் என்று நினைத்தான். வீட்டுக்குள் வச்சிர வாடை. தோலும் எலும்பும் வெந்த வாடை அது, எப்போதும் மேஜையோடு நிற்கும், இன்றைக்கு அடுப்படிவரை வந்திருந்தது. வெளியே பருத்திக் காட்டு மோட்டார் சத்தமும் காக்காய்ச் சத்தமும் யாரோ காதில் பஞ்சை அடைத்தது போல எங்கோ தூரத்தில் கேட்டன.

குடத்தில் தண்ணீர் பளபளத்தது. தம்ளரை விட்டு மொண்டான்.

டிக்.

தம்ளர் நின்றுவிட்டது. இன்னொரு தடவை. டிக். விரலை வைத்தான். தண்ணீர் கெட்டியாக, வழுவழுப்பாக, கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் சாயவில்லை. மேலே ஒரு ஈ கால் மடங்கிச் செத்து ஒட்டியிருந்தது, அதுவும் பருந்துக்குஞ்சு பருமனில்.

காசிராஜன் குடத்தை மெதுவாகக் கீழே வைத்தான். சத்தம் வந்தால் யாரோ திரும்பிப் பார்த்துவிடுவார்கள் என்பது போல. பின்கதவைத் திறந்து கொல்லைக்குப் போய் வெளிக்காற்றில் நிற்க வேண்டும். அது மட்டும்தான் மனதில் இருந்தது. திரும்பினான்.

பின்கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது.

கையால் தடவினான். நிலையின் விளிம்பு இல்லை, கீல் இல்லை, காலையில் துடைப்பம் மாட்டிவைத்த ஆணி இல்லை. சாக்பீஸ் வாடையடிக்கும் வெள்ளைச் சுவர். தட்டிப் பார்த்தான். செங்கல் சத்தம் வரவில்லை. பொத்பொத்தென்று அட்டைச் சத்தம். தோளால் இடித்தான். அட்டை என்றால் கிழிய வேண்டுமே, கிழியவில்லை. ஐந்து மடிப்பு வீட்டுக்கென்று அவன் தடித்த அட்டையாகத்தான் பார்த்து வாங்கியிருந்தான்.

ஜன்னலுக்குப் போனான். கம்பி கம்பியாக இல்லை, நாரும் சிராயுமாக, பிடித்த கை கிழிந்தது. கம்பிக்குப் பின்னால் வெளியே எதுவும் இல்லை. நீலம் அடித்த ஒரு தாள். வானம் தெரிகிற மாதிரி இருக்கட்டும் என்று அவனே ஒட்டியது.

கூடத்துக்கு ஓடினான். ஓடத்தான் நினைத்தான். இரண்டு குதிகாலும் தரையில் ஒட்டி ஒட்டி விட்டன, ஒவ்வொரு அடிக்கும் பின்னால் பழுப்பு நூலாகப் பசை இழுத்தது. வச்சிரம் காய எவ்வளவு நேரமாகும் என்பது அவனுக்குத் தெரியும். இந்த வெயிலுக்குச் சீக்கிரம் காயும் என்பதும் தெரியும்.

முன்கதவு அங்கேயே இருந்தது. கதவின் நடுவில், அவன் நெஞ்சகலத்துக்கு, உழுத காடு மாதிரி வரப்பும் பள்ளமுமாக எனாமல் உறைந்து நின்றது. வளைந்து வளைந்து ஓடிய வரப்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு நேர்க்கோடு. காசிராஜன் தன் வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். போன வருஷம் பிளேடு வெட்டிய தழும்பு. அதே சாய்வு.

தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தான். அது குண்டூசித் தலை. அசைகிற பொருளாக அது செய்யப்படவில்லை.

மேஜையைப் பார்த்தான். குட்டி வீடு அங்கே இருந்தால் அதன் கதவைப் பிய்த்துவிடலாம், பொம்மையை எடுத்து ஜன்னல் வழியே எறிந்துவிடலாம். மேஜை வெறுமையாக இருந்தது. பிளேடு இல்லை, சாமணம் இல்லை, டப்பா மூடி இல்லை. குட்டி வீட்டுக்குள் அவன் வெறும் மேஜைதான் செய்திருந்தான். அதன் மேல் இன்னொரு வீடு செய்ய எந்தக் கண்ணுக்குப் பார்வை போதும்?

அப்போதுதான் அது உறைத்தது. அவனை மட்டுமே உள்ளே வைத்திருக்கிறது. கஸ்தூரி, பிள்ளை இரண்டு பேரும் இன்னும் டப்பா மூடியில்தான். வெளியில்.

அவர்கள் உள்ளே வரக் கூடாது. அவன் எப்படியும் போகட்டும். அவர்கள் வரக் கூடாது.

பஸ் ஹாரன் கேட்டது.

பஞ்சுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி. பிறகு நடை. கொலுசு. படலின் கிறீச்.

"உள்ளதான் இருக்காக, செருப்புக் கெடக்கு பாரு," என்றாள் கஸ்தூரி. "சொன்னேன்ல, தாப்பாளப் போட்டுட்டுத் தூங்குவாகன்னு."

கதவை நோக்கிப் போக எத்தனித்தான். கால் வரவில்லை. குனிந்து பார்த்தான். மேஜைக்குப் பக்கத்தில், எங்கே நிறுத்தினானோ அங்கே நின்றுகொண்டிருந்தான். பாதத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம். காய்ந்திருந்தது.

கதவில் தட்டல். பொத். பொத்.

"அப்பா, ஒங்களுக்குச் சீனிச்சேவு வாங்கியாந்தேன். தெறங்க."

உள்ளே வராதே என்று கத்த வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் ஓடு என்று கத்த வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். கத்தினான்.

எதுவும் வரவில்லை.

இன்னொரு தடவை. மூச்சு தொண்டையில் முட்டி, கன்னம் உப்பி, திரும்பி உள்ளேயே இறங்கியது. கையைத் தூக்கி முகத்தைத் தொட்டான். மூக்கு இருந்தது. மூக்குக்குக் கீழே வழவழவென்று தாடைவரை ஒரே சருமம். விரல் வழுக்கியது. மேலும் தடவினான். கீழும் தடவினான். நகத்தால் பிராண்டினான். பெயிண்ட் பிசிறு வந்தது.

"அப்பா, கத—"

பாதியில் நின்றது.

கொலுசு இல்லை. தட்டல் இல்லை. கஸ்தூரியின் குரலும் இல்லை. மோட்டார் இல்லை. காக்காய் இல்லை.

தலைக்கு மேல் உத்தரம் முனகியது. நான்கு சுவரின் உச்சியிலும் ஒரு கோடு வெளிச்சம் விழுந்தது. கோடு அகன்றது. கூரை, ஓடும் உத்தரமும் நின்றுபோன ஃபேனும் சேர்ந்து, ஒரே துண்டாக மேலே போனது. வெக்கை. வச்சிர வாடை. அவனால் அண்ணாந்து பார்க்க முடியவில்லை, கழுத்து கம்பி. வெளிச்சத்துக்குள் நிழல் இறங்கியது. இரண்டு நீண்ட இரும்புக் கால்கள், நுனி சேர்ந்து.

இடது பக்கம் ஒன்றை வைத்தன. போயின. வந்தன. வலது பக்கம் சிறியதை.

அழுத்தின. பசை பிதுங்கியது.

மேலே, வானம் அகலத்துக்கு, அவன் குரல்.

"இப்பச் சரியா இருக்கு."

கூரை இறங்கியது. மங்கலில் இரண்டு முகம் அவனைப் பார்த்து நின்றன. பூ வைத்த கொண்டை. சீனிச்சேவுப் பொட்டலம். அகல எழுதிய நான்கு கண்கள், இமை எழுதாததால் மூடாதவை. கண்ணுக்குக் கீழே மூக்கு. மூக்குக்குக் கீழே வெறும் சருமம், உள்ளேயிருந்து உப்பியது, அமுங்கியது, மறுபடியும் உப்பியது.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு காசிராஜனை எம்.ரெட்டியபட்டியில் ஒருவரும் பார்த்ததில்லை.