முந்திப் போனது யார்?

ஹம்மாத் உள்ளே வந்தவன் உட்காரவில்லை. மெக்னெஸ் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் இருக்கும் அந்தப் பத்திர அறைக்கு நடந்து நடந்தே அவன் செருப்பு தேய்ந்திருந்தது. பஸ் ஓட்டுகிறவன். வருகிற ஒவ்வொரு நாளும் கூலி போச்சு.

"சீ தையிப், நாளைக்கு நீதிபதிகிட்ட போகுது. இன்னிக்கு நீங்க எழுதறதுதான் முடிவு. வீடு கைவிட்டுப் போச்சுன்னா ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது?" ('சீ' என்றால் அந்த ஊரில் 'ஐயா'.)

வாரிசுப் பத்திரம் என்றால் பன்னிரண்டு சாட்சிகள் வேண்டும், எழுதுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும். ஒருவர் கையெழுத்து மட்டும் செல்லாது. தையிபோடு உட்காருகிறவர் முனீம். தையிப் பேசவே யோசிப்பார், முனீமோ பேசிவிட்டுத்தான் யோசிப்பார். நல்ல ஜோடிதான் போங்கள். சில வாரங்களில் முடியவேண்டிய பத்திரம் ஒரு வருஷத்தைத் தாண்டி இழுத்தது இவர்கள் குற்றமல்ல. கணவனும் மனைவியும் ஒரே இரவில் போய்விட்டார்கள், அதுதான் சிக்கல்.

மனைவி லாலா ஸுஹூர், ஹம்மாத்தின் அக்கா. பிள்ளைகள் இல்லை. கல்யாண உடை தைத்துச் சம்பாதித்து அவளே கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் தம்பியைக் குடிவைத்திருந்தாள். கணவர் ஹாஜி பூஷ்தா ஆஸ்பத்திரியில் விடியற்காலைத் தொழுகை அழைப்புக்குச் சற்று முன்னால் இறந்தார், அது பதிவாகியிருக்கிறது. அவள் வீட்டில் இறந்த நேரம் யாருக்கும் தெரியாது. மதியம் வந்த டாக்டர் 'இரவில் மாரடைப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அவள் முந்தியிருந்தால் பாதி வீடு கணவருக்கு, அவர் வழியாக அவர் தம்பி லர்பிக்கு. கணவர் முந்தியிருந்தாலோ, யார் முந்தியது என்றே தெரியாவிட்டாலோ, முழு வீடும் ஹம்மாத்துக்கு. லர்பி ஒரே பிடியாக நின்றான்: நடுராத்திரி அண்ணிக்குத் துணையாக இருக்கலாமென்று போனேன், படுக்கையில் உயிரில்லை, அண்ணன் சாகக் கிடந்ததால் வெளியே சொல்லவில்லை. சாட்சிகளில் பாதிப்பேர் அவனை நம்பினார்கள்.

அக்கா இறந்த அன்று பஸ் ஓட்டிவிட்டு வந்தபோது பார்த்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் தையிப். ஹம்மாத் அலுத்துக்கொண்டே சொன்னான். அக்கா பூப்போட்ட வீட்டு உடையில் படுத்திருந்தாள். காலைக் கட்டிக்கொண்டு அழுதான். கொளுத்துகிற ஆகஸ்டில் வெள்ளைக் காலுறை போட்டிருந்தாள். குதிகால் பக்கம் தொளதொளவென்று கிடந்தது. தங்க வளையல்கள் கைக்குட்டையில் முடிந்து அலமாரியில் இருந்தன. மாவு பிசையும்போதுகூடக் கழற்றாதவள்.

"விஷம்!" என்றார் முனீம். "விஷம் ஏறினா கைகால் சில்லுன்னு ஆகும். குளுருக்குக் காலுறை. வீங்கின கையில வளையல் இறுக்கியிருக்கும்."

"உங்க டீ ஆறுது, குடிங்க," என்றார் தையிப். பிறகு ஹம்மாத்திடம் கேட்டார். "ஹாஜியோட துணிமணியெல்லாம் என்ன பண்ணே?"

"பள்ளிவாசல்ல ஏழைங்களுக்குக் குடுத்தேன். அவரோட வெள்ளை ஜெல்லாபா அங்கி மட்டும் பெட்டியில இல்ல."

தையிப் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வாசல் பெஞ்சில் அண்மையில் கணவரை இழந்த ஒரு பெண் வாரிசுப் பத்திரத்துக்காகக் காத்திருந்தாள். அந்த ஊர் விதவைகளின் வழக்கப்படி முக்காடு, அங்கி, காலுறை, செருப்பு எல்லாம் வெள்ளை. கையும் கழுத்தும் வெறுமை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முனீமை அனுப்பி லர்பியையும், அவன் பக்கம் நின்ற மூத்த சாட்சி சீ அல்லாலையும் அழைத்துவரச் சொன்னார்.

லர்பி மிடுக்காக வந்து உட்கார்ந்தான். ஹம்மாத்தைப் பார்க்காமல், பஸ்காரனுக்கு மாடி வீடு எதுக்கு என்று முனகினான். தையிப் அதைக் கண்டுகொள்ளாமல் கேட்டார்.

"நீங்க பாத்தப்போ அவங்க கால்ல என்ன இருந்துச்சு, சீ லர்பி?"

"காலுறை. அவளுக்கு எப்பவும் குளுரும்."

"குளுருக்குப் போடுறவங்க தன்னோட கம்பளிக் காலுறையைப் போடுவாங்க. அது ஆம்பிளைக் காலுறை, குதிகால் தொங்குற அளவு பெருசு. ஹாஜியோடது."

தையிப் குரலை உயர்த்தாமலே தொடர்ந்தார்.

"புருஷன் உசுரோட இருக்கிறப்போ எந்தப் பொம்பளையும் தங்கத்தைக் கழட்டி முடிஞ்சு வைக்கமாட்டா. அது கெட்ட சகுனம். தாலாட்டுக் கேக்குற புள்ளைக்குக்கூட நம்ம ஊர்ல அது தெரியும். அவ வெள்ளை உடுத்தினா. ராத்திரி வேளையில வெள்ளை எங்க கிடைக்கும்? புருஷன் பெட்டியிலதான். அவரோட காலுறை, அவரோட ஜெல்லாபா. அப்படின்னா அவர் போன சேதி அவளுக்குத் தெரியும். சேதியை யார் கொண்டுபோனது?"

முனீம் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். தையிப் நிறுத்தவில்லை.

"ஜெல்லாபாவைத் தோள்ல போத்தியிருந்தா. குட்டு உடைஞ்சிடும்னு, விழுந்ததும் அதை உருவி எடுத்துட்டீங்க. காலுறையை ஏன் விட்டீங்க, நான் சொல்லட்டுமா? அதைக் கழட்டணும்னா செத்துப்போன அண்ணியோட காலைத் தொடணும். அன்னிய ஆம்பிளை தொடக்கூடாதுன்னு கை கூசிடுச்சு. அவ்வளவு வெக்கம் உங்ககிட்ட மிச்சம் இருந்துச்சு."

கிழவர் அல்லால் எழுந்துவிட்டார். "என் சாட்சியை அடிச்சுடுங்க. லர்பி, வா, பள்ளிவாசலுக்குப் போவோம். சத்தியம் பண்ணு."

லர்பி எழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"தொழுகை அழைப்பு முடிஞ்சு போனேன். சொன்னேன். அழவே இல்ல. வளையலைக் கழட்டினா, உடுத்திக்கிட்டு வந்து படுக்கையில உக்காந்தா. 'கடைசியில தண்ணி கேட்டாரா?'ன்னு கேட்டா. குடுத்தேன்னு சொன்னேன். அப்படியே சாஞ்சுட்டா."

முனீம் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு முழுதும் ஹம்மாத்துக்கு. நாளை நீதிபதி கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஹம்மாத்துக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"அக்கா ஒண்ணும் தெரியாம தூக்கத்துலயே போயிட்டான்னு இத்தனை நாள் மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன், சீ தையிப்," என்றான். "அவ தெரிஞ்சுதான் போயிருக்கா. பக்கத்துல இவன் மட்டும்தான் இருந்திருக்கான்."

தையிப் தன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.