ஓக்னியான் நின்ற ஸ்டால்

எல்லார் மைக்கும் அணைந்திருந்தது. ஆனாலும் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டது.

ராட்கா மினேவா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கவனித்தாள். நுரையீரல் மருத்துவர்களின் ஆண்டு மாநாடு, இந்த முறையும் கணினித் திரையில்தான். விதின் நகரத்தில் எஞ்சியிருந்த ஒரே நுரையீரல் டாக்டர் அவள். மற்றவர்கள் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் போய் உட்கார்ந்துகொண்டு, முதுகுக்குப் பின்னால் பல்கேரியக் கொடியைத் தொங்கவிட்டு, தாய்நாட்டு மருத்துவம் பற்றி உருகிப் பேசினார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பேச அழைத்து, நன்றி சொல்லி அனுப்பும் வேலையை இவள் தலையில் கட்டியிருந்தார்கள். இப்போது இடைவேளை. டான்யூப் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி ஐந்தாம் மாடி வரை ஏறி, சாயங்காலம் ஆகும் முன்பே வெளிச்சத்தை விழுங்கிவிட்டு, கரிப்புகை நாற்றத்தோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி நின்றது. கீழ்வீட்டுப் பீப்பாயில் ஊறும் முட்டைக்கோசின் புளித்த வாடை குழாய் இடுக்கு வழியாக மேலேறி வந்தது. அதற்கெல்லாம் நடுவில் அந்த மூச்சு. இழுத்து முடிக்கும் இடத்தில் ஒரு மெல்லிய நொறுங்கல், காய்ந்த பனியை யாரோ மிதிப்பது போல.

இந்த மூச்சை அவள் முன்பு கேட்டிருக்கிறாள்.

தலைநகர் சோபியாவிலிருந்து மாநாட்டை இயக்கிக்கொண்டிருந்த காலினைப் போனில் அழைத்தாள்.

"யாரோட மைக்கோ திறந்திருக்கு காலின். மூச்சுச் சத்தம் கேக்குது."

"எல்லாத்தையும் பூட்டியாச்சு டாக்டர். உங்க வீட்டுப் பூனையா இருக்கும்."

"என்கிட்ட பூனை கிடையாது."

"அப்போ கண்காட்சியில ஏதோ விளம்பரம் ஓடுது. ஒரு சுத்து போய்ப் பாத்துட்டு வாங்களேன். ஸ்டால் போட்டவங்க ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்காங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மாநாட்டோடு திரையில் அமைத்திருந்த கம்பெனிகளின் கண்காட்சிக்குள், மவுஸை நகர்த்திப் போனாள். வரைந்து வைத்த சிவப்புக் கம்பளம், நிழல் விழாத தொட்டிச் செடிகள், இரண்டு பக்கமும் ஸ்டால்கள், ஒவ்வொன்றிலும் பல் தெரியச் சிரிக்கும் ஒரு உருவம். அவள் நகர நகர மூச்சும் இடது காதிலிருந்து வலது காதுக்கு நகர்ந்து, நெருங்கி, கடைசி ஸ்டாலின் முன் பிடரிக்குப் பின்னால் கேட்பது போலாயிற்று.

வென்டிலேட்டர் விற்கும் கம்பெனி. இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி நின்றவன் ஓக்னியான்.

கொள்ளைநோய் வந்த குளிர்காலத்தில் அவளுடைய வார்டிலேயே செத்துப்போன ஓக்னியான் ஸ்டோய்லோவ். அடுத்த அறை டாக்டர். அவனுக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரியில் ஒரு இயந்திரம் கூடக் காலி இல்லை. இதே கம்பெனியிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். கையிருப்பு இல்லை என்றார்கள். ராட்காதான் ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவனுக்குக் காற்றைச் செலுத்தினாள். விடியும் நேரத்தில் அவள் விரல்கள் மடங்க மறுத்தன. மாற்றிவிட ஆள் இல்லை.

"காலின், இங்க ஓக்னியான் நிக்கிறான்."

"அதுவா? அவரோட பழைய லெக்சர் வீடியோவை வெச்சு கம்பெனிக்காரங்க செஞ்ச பொம்மை. அவர் சம்சாரம் சம்மதிச்சுதான் குடுத்தாங்களாம். செத்தும் சம்பாதிக்கிறாரு மனுஷன்."

"அந்த மெஷின் கிடைக்காமத்தான்யா அவன் செத்தான்."

போனில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியாது டாக்டர். இருங்க, ஸ்டாலை மூடிடறேன்."

பெயர்ப்பலகை மறைந்தது. இயந்திரம் மறைந்தது. கம்பளமும் போனது. ஓக்னியான் மட்டும் வெறும் சாம்பல் நிறப் பின்னணியில் நின்றான்.

"மூடியாச்சு. போயிடுச்சா?"

"இல்ல."

"எனக்கு இங்க காலி இடம்தான் தெரியுது, டாக்டர்..." இணைப்பு அறுந்தது.

ஓக்னியானின் முகத்தில் சிரிப்பு வற்றியிருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன.

"ஏன் நிறுத்தின, ராட்கா?"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். சத்தம் நிற்கவில்லை. அது இப்போது அறைக்குள் இருந்தது. மேசைக்கு அடியில். திரைச்சீலையில். கணினியை மூடக் கை நீட்டினாள். கை போகவில்லை. விரல்கள் தாமாக மடங்கின. எதையோ பிடித்து அமுக்குவது போல.

திரையில் அவன் நெஞ்சு உயர்ந்தது.

விரல்கள் விரிந்தன. நெஞ்சு தாழ்ந்தது.

நிறுத்திப் பார்த்தாள். அவன் கண்கள் பிதுங்கின. அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். முழங்கை வரை வலி ஏறியது. அதே வலி. ஜன்னல் கறுத்தது. விளக்குப் போட எழ முடியவில்லை. அமுக்கினாள். கட்டைவிரல் மரத்தது.

"போதும் ராட்கா," என்றான். குரலில் பழைய கனிவு. "நீ ஓய்ஞ்சு போயிட்ட. இனிமே நான் பாத்துக்கறேன்."

அவன் வலது கையைத் தூக்கி, மெல்ல மூடினான்.

அவள் நெஞ்சு உயர்ந்தது. அந்த மூச்சை அவள் இழுக்கவில்லை.

கை விரிந்தது. காற்று வெளியேறியது.

மூடினான். விரித்தான். மூடினான். தானாக ஒரு மூச்சு இழுக்கப் பார்த்தாள். விலா எலும்புகள் கல்லாக இருந்தன. வாய்தான் திறந்தது.

அப்போது ஸ்டாலில் விளக்குகள் திரும்ப எரிந்தன. பலகை, இயந்திரம், கம்பளம். தூரத்திலிருந்து சில டாக்டர்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஓக்னியான் அவர்கள் பக்கம் திரும்பினான். முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்தது.

"வாங்க டாக்டர், வாங்க. இப்போ எத்தனை வேணும்னாலும் கையிருப்பு இருக்கு."

பேச்சு சுவாரசியத்தில் அவன் வலது கை விரிந்தபடியே இயந்திரத்தின் மேல் படிந்தது. விரல்கள் தளர்ந்து கிடந்தன. வந்தவர்களுக்கு ஒவ்வொரு பொத்தானாக விளக்க ஆரம்பித்தான்.