கெங்கம்மாளின் பத்தொன்பதாவது இசைத்தட்டு

இரண்டாம் முறை ஓடவிட்டபோது கீறல் சத்தம் குறைந்திருந்தது.

பழைய இசைத்தட்டு ஓட ஓடத் தேயும்; தெளியாது. பிரின்சிக்கு அது தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய வாடகை வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து, பழைய தட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தரும் வேலையை நான்கு வருடமாகச் செய்துவருகிறாள். ஞாயிறுகளில் தேவாலயத்தில் பாடுவாள்.

தட்டுகளைக் கொண்டுவந்தவர் கோபால் என்ற பெரியவர்.

"கெங்கம்மாள்னு எங்க தாத்தாவோட அக்கா. கிராமபோன் வந்த புதுசுல அவங்க பாட்டு கேக்காத ஊரு இல்ல. பத்தொன்பது பிளேட்டு. கடைசி பிளேட்டு பாடி முடிச்சி ரயிலேறி வந்தாங்க, அதோட பேச்சு நின்னுபோச்சி. முப்பது வருஷம் ஊமையாவே இருந்து செத்தாங்க."

அந்தக் கடைசித் தட்டுதான் இப்போது ஓடியது. மூன்றாம் முறை ஊசியை வைத்தாள். வெளியே மத்தியான வெயிலில் லாரிகள் உறுமிப் போக, இரும்பாலைப் புகையின் துரு வாடை திரைச்சீலையில் ஏறிக்கொண்டிருக்க, நூறு வருடத்துக்கு முந்தைய அந்தக் குரல் பக்கத்து நாற்காலியிலிருந்து வருவதுபோல, எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கும்படி வந்துகொண்டிருந்தது. பிரின்சியின் தொண்டை, பல் பிடுங்க ஊசி போட்ட வாய்போல மரத்திருந்தது. வலி இல்லை. பயம் வரவேண்டிய இடத்திலும் ஒன்றும் இல்லை. நான்காம் முறையும் வைத்தாள்.

கோபால் போன் செய்தார்.

"முடிஞ்சிச்சாம்மா?"

முடிந்தது என்றாள்.

"இன்னாம்மா சத்தம் அது, சரசரன்னு? அங்க மழையா?"

இல்லை என்றாள். தட்டின் அந்தச் சரசரப்பு அவள் வாயிலிருந்துதான் வந்தது.

"ஒண்ணும் கேக்கல. அப்புறம் பண்றேன்."

ஊசியைத் தூக்கினாள். தட்டு வெறுமனே சுற்றியது. பாட்டு நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினாள். பாட்டு நின்றது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் செருமுவதுபோலவே.

கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அதற்குமேல் கால் நகரவில்லை. சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

மூன்றரைக்கு அவள் கணவன் எபினேசர் தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலையில் முதல் ஷிப்ட் முடித்து வந்தான்.

"பிரின்சி, பசிக்குது. இன்னா கொழம்பு?"

வாயைத் திறந்தாள். காற்று மட்டும்.

"மீன் கொழம்பு. இங்க வாங்களேன்."

உள்ளறையிலிருந்து. அவள் குரல்.

செல்போனைப் பார்த்தபடியே சமையலறை வாசலைக் கடந்து போனான். கதவு திறந்தது. மூடியது. அவன் அலறுவதற்காகக் காத்திருந்தாள்.

அலறவில்லை.

"இன்னிக்கு ஒரே பேஜாரு," என்றான். ஏதோ பதில். சிரித்தான்.

தாழ்ப்பாள் விழுந்தது.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து, கதவுக்கு அடியில் அவன் கால்கள் தெரிந்தன. அவற்றுக்கு எதிரே, மிக அருகில், சுருங்கிக் கறுத்த இரண்டு வெறுங்கால்கள் நுனிவிரல்களில் எம்பி நின்றன.