முதன்முதலில் கண்ட திகதி

வீட்டுக்கு வரும் பிரதான குழாயை மூடி நான்கு நாளாகியும் படுக்கையறைச் சுவருக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டுகஸ்தோட்டையில் மழையும் இல்லை. குழாய் வேலை செய்யும் பஹீம் பாஸ் வந்து, பழைய இரும்புக் குழாயை அறுத்து, வாயை அடைத்து, உள்ளே ஒரு சொட்டும் இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தார். ஆனாலும் றம்லத்துக்குக் கேட்டது. அரிசி கழுவும்போதும், தொழுகைப் பாயில் நெற்றியை வைக்கும்போதும், சுண்ணாம்பும் துருவும் கலந்த ஈர வாடை மூக்கில் ஏற ஏற, மெல்லிய, விடாத, யாரோ அடுத்த அறையில் ரகசியம் பேசுவது போன்ற ஓட்டம்.

அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் எடுத்து எடுத்து அலுத்துவிட்டாள். ஒருத்தி காத்திருக்கச் சொல்வாள், பாட்டுப் போடுவாள், பிறகு லைன் அறுந்துவிடும். கடைசியில் ஒருவன் விளக்கினான்: குழாய் திடீரென்று வெடித்தால் பணம் உண்டு, பழைய வீட்டில் துருப்பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் இல்லை. எழுபது வருட வீட்டில் எந்தக் குழாய்தான் துருப்பிடிக்காமல் இருக்கும்? சுவரை இடித்துக் கட்டாவிட்டால் அடுத்த மழைக்குக் கூரை இறங்கிவிடும் என்று பாஸ் எச்சரித்திருந்தார். இன்சூரன்ஸ் கைவிட்டால் சுவரைக் கட்ட அவளிடமும் கணவரிடமும் காசில்லை.

"நோம்புக்கு முந்தியே கசிஞ்ச கதைய அவங்களுக்கு செல்ல வாணாம்," என்றார் கணவர் முனாப். "போன செவ்வாய்க்கிழமதான் கண்டன் எண்டு எழுதுங்க."

அவள் அப்படியே இன்சூரன்ஸ் படிவத்தில் எழுதினாள். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் குழாயை மூடினார்கள். அந்தச் சத்தம் தொடங்கியதும் அன்றுதான்.

இன்சூரன்ஸ் பரிசோதகர் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பகல் வந்தார். முனாப் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம். ஆண் துணையில்லாதபோது அந்நிய ஆணை அவள் வீட்டுக்குள் விட்டதே இல்லை. ஆனால் திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் இழுத்தடிப்பார்கள். முன்கதவை அகலத் திறந்து வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அறையைக் காட்டினாள்.

ஹென்றி என்று பெயர் சொன்ன அந்த மனிதர் பேனாவைத் திறந்தார். "எப்ப மெடம் மொதல்ல பாத்தீங்க?"

"போன கெழம செவ்வாய்."

சுவருக்குள் ஓட்டம் நின்றது.

"அதுக்கு முன்னாடி ஈரம் எதுவும்?"

"இல்ல."

ஒரு சொட்டுச் சத்தம்கூட இல்லை. அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைக் கவனிப்பது போலிருந்தது.

"உள்ள தண்ணி ஓடுதான்னு பாக்கிறேன்," என்று அவர் குனிந்து, ஈரத் திட்டில் காதை வைத்தார்.

அப்போது சுவர் பேசத் தொடங்கியது. வேகமாக. தாழ்ந்த பெண் குரலில். அது அவளுடைய குரல்.

ஹென்றியின் பேனா ஓடியது. அவர் தாளைப் பார்க்கவில்லை. றம்லத் எட்டிப் பார்த்தாள். நோன்புக்கு முந்திய மாதம். முதல் ஈரம். மறைக்க அலுமாரியைத் தள்ளிய நாள். பெயின்ட் அடித்த நாள். எல்லாம் சரியான திகதிகள்.

"போதும் சேர். காத எடுங்க."

அவர் எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின. பழுப்பு விளிம்புள்ள ஈரம் சுவரிலிருந்து அவர் கன்னத்துக்கு ஊறியது. கழுத்துக்கு இறங்கியது. சட்டைக் கொலருக்கு.

அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். சில்லென்றிருந்தது. அசையவில்லை.

"நான் சென்னது பொய்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "நோம்புக்கு முந்தியே கண்டன்! அவர உடு!"

குரல் நிற்கவில்லை. பேனாவும் நிற்கவில்லை. நாட்பட்ட கசிவு, என்று எழுதியது. கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

ஹென்றியின் கன்னம் பழைய பெயின்ட் போல உப்பியது. ஒரு செதில் உரிந்து தரையில் விழுந்தது. உள்ளே ஈரச் செங்கல் தெரிந்தது.

கை இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.