தொட்டி இடம் மாறிய கோட்டை

"அபிகாயில்தான் சார் பண்ணிருக்கா. இல்லன்னா அவங்கம்மா. வேற யாரு?"

சாப்பாட்டு மேசை மேல் இருந்த அட்டைக் கோட்டையைக் காட்டி வான்மதி பொரிந்து தள்ளினாள். துப்புத் துலக்க அவள் அழைத்து, எதிரே உட்கார்ந்திருந்த சேனாபதி, அமெரிக்காவில் பிளானோ நகரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் க்ளெய்ம்களைத் துருவிப் பிடிப்பவர். பேச்சைவிடக் காப்பியில் கவனமாக இருந்தார். அவருடைய உதவியாளன் தீபக்குக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வான்மதியின் கணவன் திருமூர்த்தி, ஹாலின் ஈசான மூலையில் இருந்த மீன்தொட்டிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். வந்தவர்களை வாங்க என்று சொன்னதோடு சரி.

விஷயம் இதுதான். கிரேக்க நாட்டில் ஒரு குன்றின் மேல் இடிந்து கிடக்கும் பைசாந்தியக் கோட்டையை, அது இடிவதற்கு முன் இருந்தபடி மகள் ஓவியா பள்ளியின் வரலாற்றுப் போட்டிக்காகச் செய்திருந்தாள். எந்தப் படைக்கும் அசையாத மதில். ஆனால் தண்ணீர்த்தொட்டி மட்டும் தென்மேற்கில், சரிவை ஒட்டி இருந்தது. பகைவர்கள் மதிலை விட்டுவிட்டுத் தொட்டியைப் பிடித்தார்கள். உள்ளே பலர் தாகத்தில் செத்தார்கள், மிச்சமிருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஓவியாவின் கட்டுரை முழுக்க அந்தத் தொட்டியைப் பற்றித்தான்.

போட்டி அரங்கில் துணியை விலக்கினால், தொட்டி வடகிழக்கில் உள்மதிலுக்குள் பத்திரமாக இருக்கிறது! பழைய இடத்தில் ஒரு மேடு. கட்டுரை ஒன்று சொல்ல மாடல் வேறொன்று சொல்கிறதே என்று நடுவர்கள் ஒதுக்கிவிட்டார்கள்.

மாடலை வேனில் ஏற்றி வந்தவள் பக்கத்து வீட்டு ஜெயகுமாரி. கன்னி மூலையில் நீச்சல்குளம் இருக்கிறது என்று நம்மவர்கள் யாரும் வாங்காமல் விட்ட வீட்டை, சிரித்துக்கொண்டே வாங்கிக் குடியேறியவள். அவள் மகள் அபிகாயில் போட்டியில் தேர்வாகியிருந்தாள். வான்மதிக்கு அது போதும். பள்ளிக்குப் புகார் அனுப்பினாள். அவர்கள் குடியிருந்த ஆலன் ஊர்த் தமிழ் அம்மாக்களின் வாட்ஸப் குழுவிலும் பெயர் போட்டு எழுதினாள். விசாரணை முடியும்வரை அபிகாயிலின் இடத்தைப் பள்ளி நிறுத்தி வைத்துவிட்டது.

"மோட்டிவ் இருக்கு, சான்ஸ் இருக்கு. கேஸ் க்ளோஸ் சார்!" என்றான் தீபக்.

சேனாபதி அந்த மேட்டை விரலால் தடவினார். "கெடுக்க வந்தவங்க உடைச்சுட்டுப் போவாங்க தீபக். இங்க ஒரு கீறல் இல்ல. பூசி, காயவச்சு, ரெண்டு கோட் பெயின்ட் வேற. ஓடுற வேன்ல நடக்கிற வேலையா இது? முந்தின ராத்திரி மாடல் எங்கம்மா இருந்துச்சு?"

"இங்கதான். ஓவியா ரூம்ல..." வான்மதியின் குரல் இறங்கியது.

"அட்டையில வடக்குக்கு அம்பு போட்டிருக்கா பாருங்க. மாத்தினவங்க தண்ணிய ஈசானத்துக்குக் கொண்டுபோயிட்டு, தென்மேற்குல கன்னி மூலைய மேடாக்கிருக்காங்க. பகையில பண்றவங்க எங்க வேணா வச்சிருப்பாங்களே. இது வாஸ்தும்மா. ஜெயகுமாரிக்கு அதுல நம்பிக்கை இருந்தா அந்த வீட்டையே வாங்கியிருக்க மாட்டாங்க."

மீன்தொட்டிப் பக்கம் திருமூர்த்தி தீனி டப்பாவைக் கீழே வைத்தான். வான்மதி மெல்லத் திரும்பினாள்.

"புள்ளைக்கு மாத்தி மாத்திக் காய்ச்சல் வந்துச்சு வானு," என்றான் திருமூர்த்தி. "அவ தலைமாட்டுலயே, கன்னி மூலைல பள்ளத்தோட அந்தக் கோட்டை இருக்கவும் மனசு கேக்கல. சின்ன கரெக்‌ஷன்தானேன்னு, அவ தூங்கினப்புறம் மாத்தித் துணியப் போட்டு மூடிட்டேன். ஜட்ஜஸ் கேட்டப்பவே சொல்லிருக்கணும், வாய் வரல. அப்புறம் நீ க்ரூப்ல போட்டுட்ட..."

"நான் டைப் பண்றப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

மாடிப்படியில் ஓவியா நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"அப்பா, தே டைட் பிகாஸ் த வாட்டர் வாஸ் தேர்," என்றாள். "யூ ஃபிக்ஸ்ட் இட். நௌ நோபடி டைஸ். தட்ஸ் நாட் ஹிஸ்டரி."

கணவன் மேல் பாயத்தான் வான்மதிக்கு வாய் வந்தது. ஆனால் தொட்டியை நகர்த்தியது அவன் கை என்றால், அந்தப் பெயரை எழுதியது அவள் கைதானே. மாடல் ஆடக்கூடாது என்று ஜெயகுமாரி தன் வீட்டுத் தலையணையை அடியில் கொடுத்து, மெதுவாக ஓட்டி வந்தது நினைவுக்கு வந்தது. அங்கேயே உட்கார்ந்து புகாரைத் திரும்பப் பெற்றாள். குழுவில், தவறு எங்கள் வீட்டில்தான் நடந்தது என்று எழுதிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்த ஜெயகுமாரியின் கையில் போன் இருந்தது. படித்துவிட்டாள்.

"ஜெயா, என்னை..."

"எங்கிட்ட சொல்லாத வானு. நீ போட்டத அபியும் பாத்துட்டா. அன்னையிலேர்ந்து ஸ்கூலுக்குப் போகல. 'வானு ஆன்ட்டியா அப்படி எழுதினாங்க'ன்னுதான் திரும்பத் திரும்பக் கேக்குறா. மேல இருக்கா, போய் அவகிட்டயே சொல்லு."

வான்மதி செருப்பைக் கழற்றினாள். எத்தனையோ முறை ஓவியாவைக் கூப்பிட அவள் ஓடி ஏறிய படிகள்தான். இன்று ஒவ்வொன்றாக ஏறினாள். அபிகாயிலின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டிவிட்டு, "அபி, அப்படி எழுதினது வானு ஆன்ட்டிதான்மா," என்றாள்.